மீதியை முகூர்த்தப் பந்தலில் காண்க!

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பாத்திமா கல்லூரியைத் தாண்டிப் போனால் விளாங்குடி வரும். தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர். 2011-ல் மாநகராட்சி அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. அந்த விளாங்குடியில் உங்களுக்கு ஒரு வீடு கட்டித் தரப்போகிறேன். பயப்படாதீர்கள், காசு ஒன்றும் வேண்டாம். கற்பனையில்தான்! கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி, வாசலில் ஒரு வேப்பமரம். வீட்டுக்கு நீங்கள்தான் சொந்தக்காரர். கல்யாணம் நிச்சயமான ஒரே பெண்ணுக்குத் தகப்பனார். (வாசகிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கட்டுரை முடிகிறவரை நீங்களும் தகப்பனார்தான்.)

வீடுதான் கற்பனை. அதற்குள் இப்போது நடக்கப்போகும் சண்டை இருக்கிறதே, அது கற்பனையல்ல. மதுரைச் சீமையில் எத்தனையோ வீடுகளில் அது நடந்துகொண்டிருக்கிறது.

ராத்திரி நீங்கள் மோர் சாதத்துக்கு வருகிற நேரம் பார்த்து உங்கள் பெண் மெதுவாக ஆரம்பிக்கிறாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு எண்பது பேர் போதும்ப்பா."

"எண்பதா? நம்ம தெருவிலேயே நூற்றிருபது பேர் இருக்காங்களே, ஆத்தா!"

"மண்டபம் வேண்டாம். நம்ம வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு, சினிமா மாதிரி செய்யணும்."

"எண்பது பேர் வந்தா அது எப்படி ஆத்தா சினிமா? ரெண்டாம் நாளே படத்தைத் தூக்கிடுவானே!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். பெண் சிரிக்கவில்லை. அவளுக்குச் சினிமா என்றால் உயிர். மாப்பிள்ளைப் பையனும் அதே ஜாதகம். எந்தப் படம் உயர்ந்தது என்று சண்டை போட்டுப் போட்டே அவர்கள் சிநேகமாகியிருக்கிறார்கள். அவள் நிஜமாகவேதான் கேட்கிறாள் என்று தெரிந்ததும் நீங்கள் கை கழுவிவிட்டுப் போய் பீரோவைத் திறக்கிறீர்கள். பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் வைக்கிறீர்கள்.

மொய் நோட்டு!

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு அல்ல. பத்திரம் இல்லாத, வட்டி இல்லாத, ஆனால் ஒருநாளும் மறக்கப்படாத கடன். ஒருவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் எழுதியதை, உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். ஊர், பேர், தகப்பனார் பேர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். இப்போது கணினியில் தட்டி ரசீது கொடுக்கிறவர்கள்கூட வந்துவிட்டார்கள்! இந்தப் பணத்தில்தான் கல்யாணக் கடன் அடையும். காது குத்து முதல் புதுமனை புகுவிழா வரைக்கும் நீங்கள் முப்பது வருஷமாக நாலு திசையிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள். எண்பது பேருக்குக் கல்யாணம் என்றால் அத்தனையும் வராக் கடன்!

பணம்கூடப் பெரிதில்லை. உங்கள் தாயார் காலமான அன்றைக்கு வாசலில் வந்து நின்றவர்களெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவனை நல்லதுக்கு வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

பெண் கட்சியும் லேசானதல்ல. ஆயிரம் பேர் வரும் மண்டபத்தில் மணப்பெண் என்ன காண்கிறாள்? பந்திக்கு முந்துகிறவர்களின் முதுகு. படம் பிடிப்பவர்களின் முதுகு. அப்புறம் மேடையேறும் வரிசை. கவரை நீட்டு, கேமிராவைப் பார், நகரு! "என் கல்யாணத்தில் நானே கடைசி பெஞ்சில்தானா?" என்று அவள் கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

* * *

'சினிமா மாதிரி' என்பதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணத்தில் நாடகம் என்பது இன்று நேற்று வந்ததா? காசி யாத்திரையை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமாகச் சந்நியாசம் போவதாகக் கிளம்புகிறார். பெண்ணின் தகப்பனார் வழி மறித்து, "போகாதீர், என் பெண்ணைத் தருகிறேன்" என்கிறார். போகிறவருக்கும் தெரியும், மறிக்கிறவருக்கும் தெரியும், காசி எங்கேயும் போய்விடாது என்று! தெலுங்கு பேசும் குடும்பங்களில் முகூர்த்த வேளை வரை பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு திரையையே பிடிக்கிறார்கள். நலங்கில் அப்பளத்தைத் தலையில் தட்டி உடைப்பது பபூன் காட்சி அல்லாமல் வேறென்ன? தாய்மாமன் சீர் தட்டுகள் மேளதாளத்தோடு தெருவில் வருவது ராஜபார்ட்டின் பிரவேசத்துக்கு எதில் குறைச்சல்?

மதுரைக்காரர்களுக்கோ இதில் வாத்தியாரே வேண்டியதில்லை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அவருடைய 'வள்ளி திருமணம்' சுற்று வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஊர் முழுக்கப் பாயைப் போட்டு உட்கார்ந்து ஒரு கல்யாணத்தையே நாடகமாகப் பார்க்கிறது. 1933-ல் அந்தக் கதை டாக்கியாகவும் வந்தது. 1937-ல் மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த 'சிந்தாமணி' ஒரு வருஷத்துக்கு மேல் ஓட, அந்த லாபத்தில் படத்தின் பெயரிலேயே ஒரு கொட்டகை எழும்பியது. 1952 தீபாவளிக்குத் திறந்த தங்கம் தியேட்டரில் முதல் படம் 'பராசக்தி'. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார் தட்டிக்கொண்டார்கள். பிற்பாடு அந்தத் தியேட்டரை இடித்து, அந்த இடத்தில் ஜவுளிக்கடை கட்டினார்கள். சினிமா பார்த்த இடத்திலேயே கல்யாணப் பட்டு எடுக்கிறது ஊர்!

இதற்கெல்லாம் சிகரமாகச் சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம். மணப்பெண்ணைத் தாரை வார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். கூடவே முருகனும் தெய்வானையும்! அப்பா அம்மா கல்யாணத்துக்கு மகனும் மருமகளும் வருகிற கட்டம் எந்தச் சினிமாக் கதாசிரியருக்குத் தோன்றும்? சுவாமிக்கும் அம்மனுக்கும் பிரதிநிதிகளாகப் பட்டர்கள் இருவர் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாண விருந்து தனியாக நடக்கிறது. மொய் எழுதவும் ஏற்பாடு உண்டு. தங்கை கல்யாணத்துக்கு அழகர் நேரங்கழித்து வந்து, விஷயம் தெரிந்து, வைகையோடு திரும்பிவிடுகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. உச்சகட்டம், சோகம் எல்லாம் சேர்ந்த முழுநீளக் கதை!

ஆனால் திருமாங்கல்யம் ஏறும் அந்த ஒரு நிமிஷத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கூட்டத்தில் நிற்கும் சுமங்கலிகள் அத்தனை பேரும் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறாள். அங்கே நாடகம் நின்றுவிடுகிறது. மறுநிமிஷம் மறுபடி தொடங்குகிறது. விளாங்குடிப் பெண் தன் கல்யாணத்துக்குச் சினிமாவிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். இந்த நிமிஷத்தை மட்டும் மதுரைக் கோயிலிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி.

* * *

புதுமைக் கல்யாணங்கள் அண்மையில் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. இரண்டைச் சொல்கிறேன்.

2021 மே 23-ஆம் தேதி. கொரோனாவுக்காக முழு ஊரடங்கு மறுபடி வருவதற்கு முந்திய நாள். மதுரையில் ஒரு ஜோடி விமானத்தையே வாடகைக்கு அமர்த்தி, நூற்றுக்கு மேற்பட்ட உறவினர்களை ஏற்றிக்கொண்டு, நடுவானில் தாலி கட்டிக்கொண்டது. பிரமாதமான காட்சிதான்! ஆனால் முகக்கவசம் இல்லாமல் ஜனங்கள் நெருக்கியடித்து நின்ற படங்கள் வெளியாகி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விமானச் சிப்பந்திகளைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். மேடை ஆகாயத்துக்குப் போனதே தவிர, மண்டபத்து நெரிசல் கீழே இறங்கவில்லை.

இன்னொன்று 2022 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். ஊரில் நெருங்கின உறவினரோடு கல்யாணம். அதன்பின் பெண்ணும் பிள்ளையும் கணினி முன் உட்கார்ந்து, 'ஹாரி பாட்டர்' படத்து மாயக் கோட்டையைப் போல் கணினிக்குள் கட்டிய மண்டபத்தில் வரவேற்பு நடத்தினார்கள். விருந்தினர்கள் அவரவர் வீட்டிலிருந்தபடி பொம்மை உருவத்தில் வந்து சேர்ந்தார்கள். இதுவரை கேட்டால் விளையாட்டாகத் தோன்றும். மணமகளின் தகப்பனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டவர். அவருடைய சாயலிலும் ஒரு பொம்மை செய்து, அந்த மண்டபத்தில் நிற்க வைத்து மகளை ஆசீர்வதிக்கச் செய்தார்கள்.

மாயக் கோட்டை, மந்திரக்கோல் இதெல்லாம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் அந்தத் தகப்பனார் வந்து நின்றார் என்று படித்தபோது பேச்சு வரவில்லை. வர முடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குச் சினிமா வித்தை பயன்படுமானால், அந்தக் கல்யாணத்துக்கு நானும் கட்சி.

* * *

சரி, விளாங்குடிக்கு வருவோம். எண்பது பேர், வேப்பமரத்தடி, சினிமா. எப்படிச் செய்யலாம்?

அழைப்பிதழிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? மேலட்டையில் கதாநாயகன், கதாநாயகி. உள்ளே நடிக நடிகையர் பட்டியல். பிறகு கதைச் சுருக்கம். அதுவும் முக்கியமான கட்டத்தில் சட்டென்று நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். அதே மாதிரி ஒரு சின்னப் புத்தகம் அடியுங்கள். நடிக நடிகையர் பட்டியலில் அப்பத்தா முதல் அடுத்த வீட்டுக் குழந்தை வரை எண்பது பேரின் பேரும் வரட்டும். ஆயிரம் பேர் கல்யாணத்தில் இது முடியுமா? கதைச் சுருக்கத்தில் பெண் வீட்டார் யார், பிள்ளை வீட்டார் யார், இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தது என்று நாலு பாராவில் எழுதுங்கள். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், தாத்தா எந்த ஊரிலிருந்து என்ன நிலைமையில் மதுரைக்கு வந்தார் என்பதே பெண்ணுக்குத் தெரியாது என்று!

மேளம் கட்டாயம் வேண்டும். ஒலித்தட்டு போதும் என்று மாப்பிள்ளைப் பையன் சொன்னால், 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். சிவாஜி கணேசன் நாயனத்தை வாயில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பினாரே, அந்த வாசிப்பு யாருடையது? மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி இருவருடையது. மதுரையில் சினிமாக் கல்யாணம் செய்கிறவன் நாதஸ்வரத்தை விடலாமா? மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கியோடு மல்லுக்கு நிற்கும் வித்வான், எண்பது பேர் சபையில் மைக்கே இல்லாமல் வாசிப்பார். அவர் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும்.

மணப்பெண்ணை அழைத்து வரும் கட்டத்துக்கு 'பாசமல'ரை மிஞ்ச ஒன்றுமில்லை. 1961-ல் எல். ஆர். ஈஸ்வரி பாடியதை இன்னமும் கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். போடாதீர்கள், தோழிகளே பாடட்டும். சுருதி சேராவிட்டால் என்ன? கேட்பது எல்லாம் சொந்தக்காரர்தானே! பாட்டு என்றதும் ராயல்டி கேட்டு யாராவது வந்து நிற்பார்களோ என்று கவலை வேண்டாம். கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சேர்ந்த வைபவங்களிலும் பாட்டுப் போடக் கட்டணம் கேட்க முடியாது என்று பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-ல் மத்திய அரசும் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. பாட்டுக்குத்தான் இந்தச் சலுகை, முழுப் படம் ஓட்டுவதற்கு அல்ல. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

வேஷத்தில் மட்டும் ஜாக்கிரதை! மாப்பிள்ளை 'மதுரை வீரன்' எம்.ஜி.ஆர். போல உருவிய கத்தியோடு குதிரையில் வந்தால், பெண்ணின் தாய்மாமன் அதை எப்படி அர்த்தம் பண்ணிக்கொள்வார் என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் டூரிங் டாக்கீஸ். வாசலில் மணலைக் கொட்டிப் பரப்பி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். தரை டிக்கெட்டு குழந்தைகளுக்கு, பெஞ்சு பெரியவர்களுக்கு. இடைவேளையில் முறுக்கு, கடலை மிட்டாய், கலர் சோடா. மதுரை என்பதற்கு ஜிகர்தண்டா. திரையில் ஓடுவது வேறெதுவும் வேண்டாம், இரண்டு குடும்பத்தின் பழைய போட்டோக்களே போதும். விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, பக்கத்தில் நிற்கும் அப்பத்தா, சட்டையில்லாமல் அழுகிற நீங்கள்! அப்பத்தாவையே மைக்கில் கதை சொல்லச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் கணினி செய்த வேலையை இங்கே ஒரு வேட்டியும் அப்பத்தாவும் செய்துவிடுவார்கள்.

இனிப் படப்பிடிப்பு. இந்த விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள் என்பேன். "சார், தாலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, இன்னொரு தடவை" என்று கேட்கிற புகைப்படக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிமேளம் முடிந்து அட்சதை விழுந்தபின், மாப்பிள்ளை மறுபடி கட்டுவதுபோல் பாவனை செய்கிறார்! சினிமாவில் ரீடேக் உண்டு. இங்கே கிடையாது. நாலு முழத்துக்கு அப்பால் ஒரு கோடு போட்டு, அந்த மூன்று நிமிஷத்துக்குக் கேமிரா உள்ளே வரக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சட்டமும் இந்த இடத்தில் விளையாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆட்டம் பாட்டம், விருந்து இவற்றுக்கான நிகழ்ச்சி அல்ல கல்யாணம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சடங்கு முறையாக நடக்காத ஒன்றை இந்துத் திருமணம் என்று ஏற்கவில்லை. நம் மாநிலத்திலோ, 1967-ல் அண்ணா கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் இந்துக்களுக்கு அது கல்யாணம்தான். ஆகவே ஒத்திகையில் சிநேகிதர்கள் முன்னால் மாலை மாற்றிப் பார்க்க வேண்டாம்! முடிந்ததும் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்; 2009-ஆம் வருஷத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

* * *

மொய் நோட்டு இன்னும் கூடத்தில் அப்படியே கிடக்கிறது. அதற்கு வழி சொல்லாமல் நான் போனால் நீங்கள் விடமாட்டீர்கள்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடத்துவார்கள். பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு மொய் வாங்குவது ஒன்றுதான் விசேஷம். கல்யாணமே இல்லாமல் மொய் நடக்குமானால், மொய்யே இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் எண்பது பேரோடு முகூர்த்தம். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் ஊருக்கெல்லாம் விருந்து, மொய், மைக், எல்லாம் வழக்கப்படி. ஆனால் அதை அச்சடித்த கடிதத்தில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. தாம்பூலத் தட்டோடு நீங்களே நேரில் போய், "முகூர்த்தம் வீட்டோடு, ஞாயித்துக்கிழமை நீங்க வந்துதான் இலை போடணும்" என்று சொல்ல வேண்டும். கால் வலிக்கும். ஆனால் முப்பது வருஷ உறவு அல்லவா?

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த எண்பது பேர் யார்? நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பேராக வாசியுங்கள்.

"பரவைக்காரர், நூற்றியொன்று. இவர் யாருப்பா?"

"உனக்குக் காது குத்தினப்போ எழுதினது. அப்ப அவருக்கு வேலை போய் மூணு மாசம். சைக்கிளை வித்துட்டு வந்து எழுதினாருன்னு பின்னாலதான் தெரிஞ்சுது."

பெண் பேசாமல் பாட்டுப் புத்தகத்துக்கான பட்டியலை எடுத்து ஒரு பேரைச் சேர்க்கிறாள். அப்புறம் இன்னொரு பேர். நோட்டு முடிவதற்குள் எண்பது என்பது தொண்ணூற்றாறு ஆகிவிடுகிறது.

"சரி, எனக்கு என்ன வேஷம்?" என்கிறீர்கள் நீங்கள், பந்தல்காரருக்குப் போன் செய்ய எழுந்தபடி.

"வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறவர்."

"அப்படின்னா பெஞ்சு டிக்கெட்டுல முன் வரிசையா ஒண்ணு எடுத்து வை, ஆத்தா. பரவைக்காரருக்கு இப்ப முழங்கால் வலி. மணல்ல உட்கார முடியாது."